பாலையடியில் கதிரை போட்டவர்

செத்த வீட்டுக்கு வந்தாலும் சங்கக்கடை அக்காவின் கண் வேலிப் பக்கம்தான் போகும். கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. என் அப்பா இறந்த அன்று நானே பார்த்தேன்.

முதல் நாள் நல்ல மழை. முற்றத்துப் பந்தலில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். அக்கா வந்தார். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார், அம்மாவைக் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழுதார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அழுது முடித்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே வேலியோரம் போய்க் குந்தினார். அங்கே விரலளவில் முளைத்து நின்ற இப்பில்-இப்பில் மரக்கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கத்தில் குவிக்கத் தொடங்கினார்.

என் பெரியம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "பிரேதம் கிடக்கேக்க உவளுக்கென்ன விசரே?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஈரம் காயிறதுக்குள்ள பிடுங்கோணும். காஞ்சால் தண்டு அறுந்து வரும், வேர் உள்ளுக்க நிண்டிடும். எட்டுச் செலவு முடியுமட்டும் இந்த வீட்டில ஆருக்கு வேலியைப் பாக்க நேரம்?"

போகும்போது என்னிடம் வந்தார். விரல் நகமெல்லாம் மண். "கொப்பர் தங்கமான மனிசன், தம்பி. வேலிக்கு இப்பில் விதைச்சது ஒண்டுதான் அவர் செய்த பிழை" என்றார். காலையிலிருந்து அப்பாவைப் பற்றி எல்லோரும் நல்லதையே சொல்லிச் சொல்லி அவரை யாரோ போல ஆக்கியிருந்தார்கள். அவரும் பிழைவிடுகிற ஒரு மனிதர்தான் என்று நினைவுபடுத்தியது அக்கா மட்டும்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

எங்கள் ஊருக்குப் பூவரசங்குளத்திலிருந்து கிரவல் பாதையில் உள்ளே போக வேண்டும். ஒரு சின்னக் குளம், கீழே வயல், குளக்கட்டின் முனையில் ஒரு பாலை மரம், மரத்தடியில் கல்லாக இருக்கும் ஐயனார். இதுதான் ஊர். அக்கா எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. கூட்டுறவுச் சங்கக் கடைக்கு மனேஜராக இருந்தார். மனேஜர், நிறுப்பவர், கூட்டுபவர் எல்லாம் அவர் ஒருவரே. ஊரில் அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சங்கக்கடை அக்கா என்றால் எங்கள் ஊர் நாய்க்கும் தெரியும்.

அவர் சைக்கிளில் போகிற அழகைப் பார்க்க வேண்டும். சுடலைக்குத் திரும்பும் பாதை, பள்ளிக்கூட மதில், அடுத்தவன் படலை, எங்கே இப்பில் முளையைக் கண்டாலும் இறங்குவார். சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுக் குனிந்து இழுப்பார். வேர் முழுதாக வந்தால் அதைத் தூக்கி வெயிலில் ஒரு முறை பார்ப்பார். அறுந்து வந்தால் அன்று கடையில் யாரும் கடன் கேட்கக்கூடாது.

கத்தியால் வெட்டுபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "உது சவரம். வெள்ளிக்கிழமை வழிச்சால் திங்கட்கிழமை வளரும். வேரோட எடு" என்பார். இந்த 'வேரோட' என்ற சொல்லை அவர் மரத்துக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. குடிக்கிற புருசனைப் பற்றி அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணிடம், "அவனுக்குச் சாராயம் கொண்டந்து குடுக்கிறவன் ஆர்? அவனைப் பிடி. வேரோட எடு" என்று சொன்னதை நான் சீனி வாங்க நின்ற வரிசையில் கேட்டேன்.

இப்பிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புளியிலை போலப் பொடி இலை. பஞ்சுப் பந்து போல வெள்ளைப் பூ. கொத்துக் கொத்தாகத் தொங்கும் தட்டையான மண்ணிறக் காய். கடல் கடந்து வந்த மரம். போர்க்கால இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை, இப்பில் நின்றது. கிணற்றைச் சுற்றி இப்பில், குசினி இருந்த இடத்துக்குள் இப்பில். ஆனால் கூரை இல்லாத எங்களுக்கு முதலில் நிழல் தந்ததும் அதுதான். கொட்டில் போடத் தடி தந்தது, அடுப்புக்கு விறகு தந்தது, ஆட்டுக்குக் குழை தந்தது. ஊருக்கு அந்த மரத்தின் மேல் ஒரு நன்றி இருந்தது. பொய்யான நன்றி என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அந்த நிழலில்தான் என் மகள் தவழ்ந்தாள்.

ஒருநாள் கடை வரிசையில் யாரோ இதையே சொன்னார். "நாங்கள் இல்லாத காலத்தில எங்கட காணியைக் காப்பாத்தினது இந்த மரம்தானே, அக்கா."

அக்கா பருப்பு அள்ளிய கையை அப்படியே நிறுத்தினார். "ஆளில்லாத வீட்டுக்குள்ள வந்து குந்தினவன், வீட்டைக் காப்பாத்தினவனோ? எனக்கு விளங்கேல்லை. விளங்கினவை சொல்லுங்கோ."

வரிசையில் நின்றவர்களில் சிலருக்கு அன்றைக்கும் தங்கள் சொந்தக் காணிக்குள் கால் வைக்க வழியில்லை, அங்கே வேறு ஆட்கள் குந்தியிருந்தார்கள். அக்கா பருப்பை நிறுத்துக் கட்டிக் கொடுத்தார்.

அவரை மடக்க ஊரிடம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. முதன்முதலில் எங்கள் ஊருக்கு இப்பில் விதை கொண்டுவந்தவரே அவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தபோது, ஆட்டுக்குத் தீன், வயலுக்கு உரம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு பால்மா ரின் நிறைய விதை கொண்டுவந்து தன் வளவைச் சுற்றி விதைத்தாராம். இதைக் கோயில் நிர்வாகத் தலைவர் ஒரு கூட்டத்தில் எடுத்துவிட்டார். தலைவர் நல்ல விவசாயி, நல்ல பேச்சுக்காரர், அக்காவைக் கண்டால் மட்டும் வாய் கொஞ்சம் கோணும். "விதைச்ச ஆளே இப்ப வந்து பிடுங்கச் சொல்லுறா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அக்கா எழும்பி நின்றார். முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினேன். தேடினது மிச்சம்.

"ஓம், நான்தான் விதைச்சனான். ஒருத்தரும் எனக்காக மறைக்கத் தேவையில்லை. நான் விதைச்சபடியால்தான் எனக்குத் தெரியும் உது எப்பிடி வரும் எண்டு. நீங்கள் நிழலை மட்டும் கண்ட ஆக்கள்."

பாவம், இந்தச் சண்டையில் அதிகம் அடிபட்டவர் அக்காவின் புருசன். சத்தம் போடாத மனிதர். ஆடுகள்தான் அவருடைய உலகம், ஆடுகளுக்கு இப்பில் குழைதான் சோறு. ஆடு காயைத் தின்றால் விதை புழுக்கையோடு போய் ஊரெல்லாம் முளைக்கும் என்று அக்கா ஒரு சட்டம் போட்டார். குழை போடலாம், காய் போடக்கூடாது. அதனால் அந்த மனிதர் கொக்கத்தடியால் கொப்பை வளைத்து முறித்துக்கொண்டு வந்து, முற்றத்தில் குந்தியிருந்து, காய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு வாளிக்குள் போடுவார். ஆடுகள் சுற்றி நின்று கத்தும். வாளியை அக்கா அடுப்புக்குள் கொட்டுவார். "அண்ணை, உங்களுக்குக் கோபம் வாறேல்லையோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டேன். "வரும். வந்து என்ன செய்யிறது? அவா சொல்லுறது சரியெண்டு ஆடுகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமெல்லே" என்றார்.

இனிப் பாலையடிக்கு வருகிறேன்.

வன்னியில் பிறந்தவனுக்குப் பாலைப்பழத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மஞ்சளாய், சின்னதாய், தேனாய் இனிக்கும். நிறையத் தின்றால் பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அதற்கும் பயப்படாமல் தின்போம். எங்கள் ஊரில் ஒரு வழக்கம். குளக்கட்டுப் பாலையில் முதலில் விழுந்த பழத்தை ஐயனாருக்கு வைத்துப் பொங்கல் பொங்கும்வரை யாரும் காட்டுக்குப் பழம் பொறுக்கப் போவதில்லை. பொங்கலுக்கு முன்னால் சிரமதானம். கோயிலடியைத் துப்புரவாக்குவது. ஊரே கத்தியோடு வரும்.

அந்தத் துப்புரவுக்கு எழுதாத ஒரு சட்டம் இருந்தது. இடுப்புக்குக் கீழே நிற்பதெல்லாம் பற்றை, அதை வெட்டு. இடுப்புக்கு மேலே போனதெல்லாம் மரம், அதை விடு. எங்கள் அப்பாமாரும் இப்படித்தான் செய்தார்கள். அவர்கள் காலத்தில் அதில் பிழையில்லை. பாலை, வீரை, முரலி, சூரை என்று சுற்றிவரக் காடு நின்ற காலம். கொஞ்சத்தை வெட்டினால் கொஞ்சம் தப்பும்.

ஆனால் இப்பில் ஒரே மாரியில் இடுப்பைத் தாண்டிவிடும். பாலைக்கன்று இடுப்புக்கு வர எத்தனையோ வருடம் வேண்டும். ஆகவே நாங்கள் ஒவ்வொரு வருடமும் பக்தியோடு போய், பாலையையும் வீரையையும் வெட்டி எறிந்துவிட்டு, இப்பிலை மரம் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறோம். நாளடைவில் பாலை மரத்தைச் சுற்றி இப்பில் கூடாரம் போட்டது. அடர்ந்த நிழல். பொங்கலுக்கு வந்தவர்களெல்லாம் "நல்ல குளிர்ச்சி" என்றார்கள்.

இதைக் கண்டுபிடித்தது அக்கா. ஒரு மாலை என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய் அந்த நிழலுக்குள் நிறுத்தினார்.

"கீழ பார். என்ன நிக்குது?"

"இப்பில் கண்டு."

"வேற?"

பார்த்தேன். கால் வைக்க இடமில்லாமல் இப்பில் முளைகள். சின்ன வயதில் நாங்கள் முள்ளுக் கீறக் கீறப் பழம் பிடுங்கிய சூரைப் பற்றை இல்லை. காரை இல்லை. உலுவிந்தை இல்லை. அண்ணாந்து பார்த்தேன், கிழட்டுப் பாலை மட்டும் தனியே. அதன் ஒரு கொப்பு ஏற்கனவே பட்டிருந்தது.

"பாலைக்குக் கீழ ஒரு பாலைப்பிள்ளை நிக்குதோ? இந்த மனிசன் விழுந்தால் பிறகு ஐயனாருக்கு எந்தப் பழத்தை வைக்கப் போறியள்? கடையில அப்பிளோ?" என்றார். பிறகு இப்பிலை விலக்கி, கல்லுக்குப் பின்னால் ஓரிடத்தைக் காட்டினார். முழங்காலளவுகூட இல்லை, நாலைந்து பாலைக்கன்றுகள், வெளிச்சத்துக்குக் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் ஒரு வீரை. எல்லாவற்றிலும் போன வருடக் கத்திவெட்டின் தழும்பு. வெட்டிய இடத்திலிருந்து திரும்பத் துளிர்த்திருந்தன. என்ன பிடிவாதம் பிடித்த கன்றுகள்.

அந்த வருடச் சிரமதானத்தன்று ஊர் கத்தியோடு போனபோது, கல்லுக்குப் பின்னால், அந்தக் கன்றுகளுக்கு நடுவில், சங்கக்கடையின் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் கை. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர். நான் நிர்வாகத்தில் பெயருக்கு ஒரு உறுப்பினர், தேத்தண்ணீரும் பணிசும் கொண்டுபோவது என் பொறுப்பு. வாளியோடு நின்றுவிட்டேன்.

தலைவர் முதலில் பகிடியாகத்தான் தொடங்கினார். "என்ன அக்கா, சங்கக்கடையை இஞ்ச மாத்தியாச்சோ?"

"இல்லை அண்ணை. இந்தப் பக்கம் கத்தி வரக்கூடாது. அதுக்குத்தான் இருக்கிறன்."

"ஒரு பற்றைக்காகவோ?"

"பற்றை உங்களைச் சுத்தி நிக்கிறது. இது பாலை."

"வருசா வருசம் செய்யிற துப்புரவு, அக்கா. எங்கட பெரியாக்கள் செய்தது."

"பெரியாக்கள் இப்பிலைக் கண்டவையோ? அதை நானெல்லோ கொண்டந்தனான். உங்கட இடுப்பை அளந்து பாத்தோ பாலை வளரும்? இந்த முறை மாத்தி வெட்டுங்கோ. உயர்ந்தது போகட்டும். பதிஞ்சது நிக்கட்டும்."

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். பொங்கலுக்கு ஒரு கிழமைதான் இருந்தது, வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். "நிழலை வெட்டிப்போட்டுச் சனத்தை வெயில்ல நிப்பாட்டச் சொல்லுறியளோ? நீங்கள் சொல்லுற பாலை காய்க்கேக்க நீங்களும் இருக்கமாட்டியள், நானும் இருக்கமாட்டன்."

"ஓம், இருக்கமாட்டம். நாங்கள் இல்லையெண்டு போட்டு ஐயனாரும் இல்லாமல் போயிடுவாரோ?"

யாரோ இரண்டு இளந்தாரிகள் கதிரையோடு அவரைத் தூக்கி வைத்துவிடலாம் என்று சிரித்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார். "தூக்குங்கோ ராசா. தூக்கி வைச்சால் திரும்பி வந்து இருப்பன். உங்களுக்கு வேலையிருக்கு, வயலிருக்கு. எனக்கு இண்டைக்குக் கடை பூட்டு." அப்போதுதான் அவருடைய புருசன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். தோளில் அலவாங்கு. கிட்ட நின்ற ஒரு இப்பிலின் அடியில் அலவாங்கை இறக்கி மண்ணைக் கிளறத் தொடங்கினார். தன் ஆடுகளின் சோற்றைத் தானே தோண்டுகிற மனிதரை யார் தடுப்பது? கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் வாளியை வைத்தேன். மண்வெட்டி எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் கிளறினேன். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். தலைவர் வரவில்லை. "வெயிலுக்கு அவாவே பதில் சொல்லட்டும்" என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அந்த வருடப் பொங்கலுக்கு அடித்த வெயிலை நான் மறக்கமாட்டேன். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் எறிந்தது. வெளிநாட்டுக்காரர் குடை பிடித்தார்கள். பொங்கல் பானைக்கு முன்னால் நின்ற பெண்கள் அக்காவைத் திட்டிய திட்டுகள் ஐயனாருக்கும் கேட்டிருக்கும். அக்கா ஒரு துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குள், எல்லோருக்கும் முன்னால் நின்றார். வியர்வை ஓடியது. "வெயில் நல்லது. கண்டுகளுக்கு" என்று ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் யாரும் கேட்காமல்.

உண்மையான அடி ஐப்பசியில் விழுந்தது. முதல் மழை பெய்து சில நாளில் கோயிலடி முழுவதும் பச்சையாகிவிட்டது. அத்தனையும் இப்பில். நாங்கள் தோண்டி எடுத்தது மரத்தை மட்டும்தான். அது வருடக்கணக்காகக் கொட்டிய விதை மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. வெளிச்சமும் ஈரமும் கிடைத்ததும் எல்லாம் ஒன்றாக எழும்பிவிட்டன. நாற்றுமேடை போல நெருக்கமாய் நின்றதில் பாலைக்கன்று எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஊர் வந்து பார்த்துச் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "ஒண்டை வெட்டி ஆயிரத்தை வளத்தாச்சு" என்றார். அந்தச் சொல் எனக்கே சுட்டது. அக்கா உடைந்துபோவார் என்று பயந்தேன்.

அவர் குளக்கட்டில் ஏறி வந்து நின்று பார்த்தார்.

"உள்ளுக்க ஒளிச்சிருந்ததெல்லாம் வெளியில வந்திட்டுது, தம்பி. இனி ஆர் எவ்வளவெண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு மூலையில் குந்தினார். "ஈரம் காயமுன்னம் தொடங்குவம்."

அந்த மாரி முழுவதும் பிடுங்கினார். நானும் பிடுங்கினேன். அடுத்த மாரியும் முளைத்தது, கொஞ்சம் குறைவாக. அதற்கடுத்ததும் முளைத்தது. சிரித்தவர்களில் சிலர் வெட்கத்துக்கு வந்தார்கள், சிலர் மழை பார்க்க வந்து குனிந்தார்கள். பாலைக்கன்றுகள் இடுப்புக்கு வரும் முன் அக்கா போய்விட்டார். காய்ச்சல் என்று வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு சண்டை பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் காய்ச்சலோடு சண்டை பிடிக்கத் தெரியவில்லையே என்று.

இப்போது ஐப்பசி மழை விட்டதும் ஊர் பாலையடியில் கூடுகிறது. கத்தி கொண்டுவருவதில்லை. எல்லோரும் குந்தியிருந்து முளை பிடுங்குகிறோம். பாலைக்கன்றுகள் ஒன்றிரண்டு என் நெஞ்சளவு நிற்கின்றன. வீரை தழைத்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு சூரைப் பற்றையும் வந்து எல்லோர் சாரத்தையும் கிழிக்கிறது.

போன மாரியில் கனடாவிலிருந்து வந்த ஒருவர் எங்களைப் படம் எடுத்துக்கொண்டு நின்று, இது என்ன சடங்கு என்று கேட்டார். தலைவருக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் பேச்சு குறையவில்லை. "இது எங்கட கோயில் வழக்கம். முன்னோர் காலத்தில இருந்து வாறது" என்றார். அந்த மனிதரும் பக்தியோடு தலையாட்டினார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழும்பி நின்றேன்.

"வழக்கமில்லை. முன்னோருமில்லை" என்றேன். "ஒரு மனிசி தனிய இருந்து எங்கள் எல்லாரோடயும் சண்டை பிடிச்சு வெண்டது. அதைச் சொல்லுங்கோ."

தலைவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் பிடித்திருந்த முளையை, அறுந்துவிடாமல், மெல்ல மெல்ல வேரோடு இழுத்துக்கொண்டிருந்தார்.